கரம் தீர்த்த ரசீது

எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் நகை இருந்ததாக எனக்கு நினைவில்லை. இருந்தவை ரசீதுகள். குளத்தூரில் எங்களுக்கிருந்த நாற்பது சென்ட் தென்னந்தோப்புக்கும் வீட்டடிக்கும் ஆண்டுதோறும் வில்லேஜ் ஆபீசில் கட்டிய கரத்தின் ரசீதுகளை, ஆண்டு வரிசை பிசகாமல், சணல் நூலால் கட்டி அப்பா அதனுள் வைத்திருந்தார். மாலை மயங்கும் வேளையில் யாரேனும் ஒருவர் முற்றத்தில் வந்து நின்று, உட்காரச் சொன்னாலும் உட்காராமல் தலையைச் சொறிந்துகொண்டிருந்தால் எங்களுக்குச் செய்தி விளங்கிவிடும். அவருடைய மகனையோ தம்பியையோ போலீசார் கொண்டுபோயிருப்பார்கள். அப்பா என்ன குற்றம் என்று கேட்கமாட்டார். ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "அவன் அவதிக்கு வருவானா?" பதில் வந்த பிறகுதான் பெட்டி திறக்கும்.

தமிழ்நாட்டார் வாய்தா என்று சொல்வதை எங்கள் பக்கத்தில் மலையாள வழக்கையொட்டி 'அவதி' என்பார்கள். தமிழில் அச்சொல்லுக்கு வேறொரு பொருள் உண்டு என்பதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பொருளும் பொருந்தாமற் போனதில்லை. ஜாமீன் என்ற சொல் அரபு மொழியில் பிறந்து நம் ஊர்களில் குடியேறியது. அதற்கு முன்பே நம்மிடம் இருந்த சொல் புணை. நீரில் ஆழ்வோனைத் தாங்கும் தெப்பத்துக்கும், ஒருவன் பொருட்டு மற்றொருவன் ஏற்கும் பொறுப்புக்கும் முன்னோர் அந்த ஒரே சொல்லை வைத்தார்கள். சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில், நந்தா விளக்கு எரிப்பதற்காக ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர்களுக்குப் புணைப்பட்டவர்களைக் காணலாம். ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 96 ஆடுகள். நாள்தோறும் உழக்கு நெய். ஆடு பெற்றவன் இறந்துபோனாலும் ஓடிப்போனாலும் நெய்யை நாங்கள் அளப்போம் என்று அவனுக்காக நின்றவர்கள் கல்லிலே ஒப்புக்கொண்டார்கள். அப்பா கல்வெட்டுப் படித்தவரல்லர். ஆயினும் அவர் செய்துவந்தது அந்தப் பழைய காரியத்தைத்தான்.

நம்மில் பலர் ஜாமீன் என்பதை ஒரு கட்டணமாக எண்ணுகிறோம். பத்திரிகைகளில் "இத்தனை ஆயிரம் ரூபாய் ஜாமீனில் விடுதலை" என்று படித்துப் படித்து வந்த பிழை அது. பெரும்பாலான வழக்குகளில் அன்றைக்கு யாரும் பணம் கட்டுவதில்லை. எழுதப்படுவன முச்சலிக்கைகள். பிடிபட்டவன் எழுதிக்கொடுப்பது ஒன்று: குறித்த நாளில் வருவேன் என்பது. அவனுக்காக நிற்பவர் எழுதிக்கொடுப்பது மற்றொன்று: அவனை வரச்செய்வேன், தவறினால் இன்ன தொகையை அரசுக்குச் செலுத்துவேன் என்பது. அந்தத் தொகையைச் செலுத்தும் சக்தி அவருக்கு உண்டா என்று பார்ப்பதற்குத்தான் கரம் தீர்த்த ரசீது. ஆகவே ஊரில் நிலமில்லாதவனுக்கு ரசீது கிடையாது. ஊரில் ஆளில்லாதவனுக்கு ஜாமீன் கிடையாது. பிழைப்புக்காக வெளியேறிய நாம் இவ்விரண்டு வகையிலும் சேர்ந்தவர்கள் என்பதைச் சற்றுக் காலங்கடந்தே நான் உணர்ந்தேன்.

குளத்தூர் நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் தென்கோடி. எங்கள் பொழியூர்க் கடற்கரையை விட்டால் அடுத்த கரை நீரோடி, அது தமிழ்நாடு. 1956 நவம்பர் 1 வரையில் இரண்டும் ஒரே இராஜ்யம். அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்கள் சென்னை இராஜ்யத்தோடு சேர்ந்தன. தமிழர்கள் கேட்ட பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. அது கேரளத்தில் நின்றது. அந்தக் கதையின் ஏற்ற இறக்கங்களுக்கு இது இடமன்று. பெண் கொடுப்பதும் எடுப்பதும் கோட்டைப் பார்த்து நடக்கவில்லை. என் அக்காளை விளவங்கோட்டுத் தாலுகாவில் கொடுத்தோம். எங்கள் சுற்றத்தில் ஒரு பாதி கேரளத்துக்குக் கரம் கட்டும். மறுபாதி தமிழ்நாட்டுக்குத் தீர்வை கட்டும். இதனால் ஒரு தொல்லை வரக்கூடும் என்று 2014 வரையில் எவரும் நினைத்ததில்லை.

அக்காள் மகன் வளைகுடாவில் வேலை பார்ப்பவன். 2011-இல் விடுமுறையில் வந்து குளத்தூரில் பாட்டாவுடன் தங்கியிருந்த சமயம், மோட்டார் சைக்கிளில் ஒரு முதியவரை இடித்துவிட்டான். முழங்கையில் சிராய்ப்பு, தோளில் வீக்கம். தெய்வாதீனமாக அதோடு போயிற்று. பிணையில் விடத்தக்க குற்றம். அத்தகைய குற்றங்களில் ஜாமீன் என்பது சலுகையன்று, உரிமை; காவல் நிலையத்திலேயே விட்டாக வேண்டும். விட்டார்கள். அப்பா 10,000 ரூபாய்க்கு முச்சலிக்கை எழுதிக் கொடுத்தார். அடிபட்டவருக்கு வைத்தியச் செலவு கொடுத்துச் சமாதானமாயிற்று. அவரே எங்கள் வீட்டில் காப்பி குடித்து, பையனின் தலையைத் தடவிவிட்டுப் போனார். வழக்கும் அதோடு முடிந்தது என்று வீடே நம்பியது. இரண்டு வீட்டார் சமாதானமாவது வேறு. அஜாக்கிரதையாக வண்டி ஓட்டினான் என்று அரசு தொடுக்கும் வழக்கு வேறு. அது எங்களைக் கேளாமலே குற்றப்பத்திரிகையாகி, எண் பெற்று, அவதியிலிருந்து அவதிக்கு நடந்துகொண்டிருந்தது. பையன் பாலைவனத்தில் இருந்தான். அப்பா 2013-இல் காலமானார்.

அவருடைய முதலாண்டு நினைவு நாளுக்கு நான் மும்பையிலிருந்தும் அவன் வளைகுடாவிலிருந்தும் வந்திருந்தோம். ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் இரண்டு போலீஸ்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள். மரியாதையாகவே பேசினார்கள். கையில் வாரண்டு இருந்தது.

வாரண்டைப் பற்றி அன்று நான் கற்றதை இங்கே எழுதிவிடுகிறேன். நம் வீடுகளில் இது தெரிந்திருப்பது நல்லது. முதலில் வருவது அழைப்பாணை. அதற்கு வராதவன் பேரில் பிணையில் விடத்தக்க வாரண்டு. அதற்கும் அகப்படாதவன் பேரில்தான் பிணையற்ற வாரண்டு. இவ்வாறு படிப்படியாகவே போக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2007-இல் இந்தர் மோகன் கோஸ்வாமி வழக்கில் அறிவுறுத்தியது. ஆனால் ஒரு முறை பிறந்த வாரண்டுக்கு முதுமை கிடையாது. பிறப்பித்த நீதிமன்றம் ரத்துச் செய்யும் வரையில், அல்லது அது நிறைவேற்றப்படும் வரையில், அது உயிரோடிருக்கும். மூன்றாண்டு ஆயிற்று, முப்பதாண்டு ஆயிற்று என்று தானாக உதிர்ந்துவிடாது. பிடிபடுவதற்கு முன்னரே வக்கீலை வைத்துத் தானாக முன்வந்து ரத்துக் கோரும் வழி ஒன்று இருக்கிறது. அந்த வழி தெரிந்திருந்தால் அந்த விடியற்காலை எங்களுக்கு நேர்ந்திராது. வெளியூரில் இருப்போர்க்கு இன்னொன்று: குழித்துறை நீதிமன்றத்து வாரண்டின் பேரில் மும்பையில் ஒருவரைப் பிடித்தால், நேரே ரயிலேற்றிவிட முடியாது. பிறப்பித்த நீதிமன்றம் 30 கிலோமீட்டருக்குள் இல்லையென்றால் பிடித்த இடத்து அதிகாரியின் முன் முதலில் நிறுத்த வேண்டும். குற்றம் பிணையில் விடத்தக்கதாயின் அங்கேயே ஜாமீன் கொடுக்கலாம்.

எங்கள் பையன் பிடிபட்ட இடமும் நீதிமன்றமும் அருகருகே இருந்தன. எந்த நீதிமன்றம் என்பது வேண்டாம். இரண்டு பேர் ஜாமீன், இருவருக்கும் இந்தத் தாலுகாவிலேயே நிலம் இருக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. அத்தான் ஓடிப்போய் இரண்டு ஏக்கர் ரப்பர்த் தோட்டத்தின் பட்டாவையும் தீர்வை ரசீதையும் கொண்டுவந்தார். பெற்ற தகப்பன், பையனை அவரைக் காட்டிலும் அறிந்தவர் யார்? தோட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது என்று தாள் திரும்பி வந்தது. நான் எங்கள் தோப்பின் ரசீதை நீட்டினேன். அதில் அப்பாவின் பெயர் இருந்தது. போக்குவரவு, அதாவது பட்டா மாற்றம், நான் செய்துகொள்ளவில்லை. மும்பைக் குடியிருப்பின் பத்திரத்தை எடுத்துக் காட்டியபோது வக்கீல் குமாஸ்தா சிரித்துவிட்டார். பிறந்த ஊரில், பிறந்த வீட்டுக்கு மூன்று கல் தொலைவில், என்னை இன்னாரென்று சொல்ல ஒரு தாள் இல்லை.

எங்கள் வக்கீல் நல்ல மனிதர். "சட்டம் உங்கள் பக்கம்" என்றார். 1978-இல் மோத்திராம் என்ற ஏழைக் கொத்தனாரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. மத்தியப் பிரதேசத்தில் அவருக்கு 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்கள். தம்பியோ தமையனோ கொடுக்க வந்த சொத்து வேறு மாவட்டத்தில் இருப்பதாகச் சொல்லி மறுத்தார்கள். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்த மறுப்பை ஏற்கவில்லை. ஒரு மலையாளியோ தமிழனோ பஸ்தரிலும் போர்ட் பிளேரிலும் பிடிபட்டால் அந்தந்த ஊரில் சொத்துள்ளவனுக்கு எங்கே போவான் என்ற கருத்துப்பட எழுதினார். அரசியல் சட்டத்தின் முன் எல்லாரும் இந்தியரே என்று கூறி, கொத்தனாரை 1,000 ரூபாய்க்குச் சொந்த முச்சலிக்கையிலேயே விடுவித்தார். கிருஷ்ணய்யர் பாலக்காட்டில் பிறந்தவர். தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் மண்ணின் பிள்ளை. தீர்ப்பை எழுதும்போது அந்த மண் அவர் நினைவில் வந்திருக்கும் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். "தீர்ப்பைக் காட்டி மேலே போகலாம். ஒரு வாரம் ஆகும். இப்போது மணி நான்கு, நாளையும் மறுநாளும் விடுமுறை" என்று வக்கீல் முடித்தார். பையன் கிளைச் சிறைக்குப் போனான்.

சனிக்கிழமை ஒருவர் எங்களைத் தேடி வந்தார். தேநீர்க் கடையில் உட்கார்ந்து, இரண்டு ரசீதுகளுக்கு இன்ன விலை என்றார். கூலிக்கு ஜாமீன் நிற்பவர்கள் உண்டென்று கேள்விப்பட்டிருக்கிறேன். நேரில் கண்டது அப்போதுதான். வக்கீலுக்குத் தெரியாது என்றும், தெரிய வேண்டாம் என்றும் சொன்னார். அத்தான் சட்டைப் பையில் கைவைத்துவிட்டார். நானும் மறுக்கவில்லை, இங்கே என்னை உத்தமனாகக் காட்டிக்கொள்வதில் பயனில்லை. அவர் ஒரு தாளை எடுத்து, "பையனுக்கு நான் என்ன முறை என்று எழுதட்டும்? சித்தப்பா என்று போட்டுவிடலாமா?" என்று கேட்டார். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு உடம்பு கூசிற்று. எழுந்து வந்துவிட்டேன். அன்றிரவு அக்காள் என்னோடு பேசவில்லை. மகன் சிறையில் கிடக்கும்போது தம்பியின் கூச்சத்துக்கு என்ன மதிப்பு? அவள் பக்கம் நியாயம் இருந்தது.

ஞாயிறு அந்தியில் பக்கத்து வீட்டு மாமி முற்றத்தில் வந்து நின்றார். கயிறு திரித்துப் பிழைத்தவர். கணவர் இறந்து வெகு காலம். ஆறு சென்ட் நிலமும் ஓட்டு வீடும் அவர் பெயரில் இருந்தன. இடுப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே அந்த ஆண்டுக் கரம் தீர்த்த ரசீது. எங்கள் முற்றத்தில் ரசீது கேட்டு நின்றவர்களை நான் கண்டதுண்டு; கொடுக்க வந்து நின்றவரை அன்றுதான் கண்டேன். நான் தழுதழுத்து, "மாமி, அவன் வராமற் போனால் அந்தத் தொகையை நான் உங்களுக்குத் தந்துவிடுகிறேன்" என்றேன். அவர், "அது கிடக்கட்டு மக்களே" என்றார். அப்பாவோடு காலையில் நடக்கப் போகும் ஓய்வுபெற்ற மலையாள வாத்தியார் ஒருவர் இரண்டாவது ஆளாக ஒப்புக்கொண்டார்.

நான் மாமிக்குச் சொன்ன வாக்கைத் திங்களன்று வக்கீலிடம் சொன்னபோது அவர் பதறினார். ஜாமீன் நிற்பவருக்கு நட்டம் வந்தால் ஈடுகட்டுவேன் என்று செய்யும் ஒப்பந்தம் நம் நாட்டில் பொதுநலனுக்கு மாறானது, செல்லாது. இங்கிலாந்தில் 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றமே. அமெரிக்காவின் பல மாநிலங்களிலோ இதுவே ஒரு வணிகம். கட்டணம் வாங்கிக்கொண்டு ஜாமீன் நிற்கும் கம்பெனிகள் உண்டு. நம் சட்டத்தின் எண்ணம் வேறு. நிற்பவருக்கு இழப்பு என்பது உண்மையாகவே இருக்க வேண்டும். அப்போதுதான் அவர் அவனைக் கண்காணிப்பார், அவனும் அவருக்காக அஞ்சி வருவான். ஆக, மாமியின் ஆறு சென்டுக்கு என்னால் எந்தக் காப்பும் எழுதித் தர இயலாது. எழுதித் தந்தால் அந்தக் காகிதம் வெறும் காகிதம்.

மஜிஸ்திரேட் மாமியைப் பார்த்து, இந்தப் பையனை எப்படித் தெரியும் என்று மலையாளத்தில் கேட்டார். "இவனுடைய பாட்டாவைத் தெரியும்" என்று மாமி சொன்னார். வேறு கேள்வி வரவில்லை. கையெழுத்திட இரண்டு நிமிஷம் பிடித்தது. அவருக்குத் தமிழில் இடுவதா மலையாளத்தில் இடுவதா என்ற தயக்கம்.

பையன் வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டான். அடுத்த அவதி மாதம் 20-ஆம் தேதி. அவனுடைய விமானம் 14-ஆம் தேதி. "மாமா, இப்போது போய்விட்டு அடுத்த லீவில் வந்து பார்த்துக்கொள்கிறேன். மாமிக்கு அபராதம் வந்தால் அனுப்பிவிடுகிறேன்" என்றான். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். கணக்குப் போடும் வயது. எனக்குக் கோபம் வந்தது, ஆனால் சொல் வரவில்லை. போக்குவரவுக்கு மனுப் போட வேண்டுமே என்று எழுந்து அப்பாவின் பெட்டியைத் திறந்தேன்.

ரசீதுக் கட்டுகளுக்கு அடியில் மலையாளத்தில் அச்சிட்ட ஒரு நோட்டீஸ். ஜாமீன் முறிந்தது, தொகையை ஏன் வசூலிக்கலாகாது என்று காரணம் காட்டுமாறு அப்பாவுக்கு வந்தது. அதனோடு ஊசியால் குத்திய ஒரு ரசீது: 2012 ஆகஸ்டு, 6,000 ரூபாய். முதுமையை எண்ணி நீதிமன்றம் ஒரு பகுதியைத் தள்ளிக் கொடுத்திருக்கிறது. அதற்கு அதிகாரம் உண்டு. நோட்டீசின் முதுகில் அப்பா தமிழில் ஒரு சொல் எழுதியிருந்தார்: "தீர்ந்தது."

அந்த ஆகஸ்டில் அவர் தொலைபேசியில் சொன்னது எனக்கு நினைவிருந்தது. மேற்கூரை ஓடு மாற்றுவதை அடுத்த கோடைக்கு வைத்துக்கொள்ளலாம், மழை விடவில்லை என்றார். பேரனுக்கு அப்போது புதுக் கம்பெனியில் வேலை. சொன்னால் போட்டுவிட்டு வந்துவிடுவான் என்று நினைத்திருக்கிறார். எங்களில் ஒருவருக்கும் சொல்லவில்லை. எத்தனையோ பேருக்கு ஜாமீன் நின்றவருக்கும் ஒன்று தெரியாமல் இருந்தது: முறிந்த முச்சலிக்கைக்குக் கட்டுவது வாக்குத் தவறியதற்கான தண்டம், அது வழக்கின் விலையன்று. அவர் பணம் கட்டிய பின்னும் வழக்கு அதன் இடத்தில் இருந்தது, வாரண்டும் இருந்தது. இவ்வளவுக்கும் அவர் நின்ற மற்றவர்களில் எவனும் அவதிக்கு வராமல் இருந்ததில்லை என்றே நினைக்கிறேன். அந்த நோட்டீசைப் போல் வேறொன்று பெட்டியில் இல்லை.

இரண்டு தாள்களையும் பையன் கையில் கொடுத்தேன். மலையாளம் அவனுக்கு வராது. பின்பக்கத்துச் சொல்லைப் படித்தான், தொகையைப் படித்தான். வெகு நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்து முற்றத்துக்குப் போய்க் கம்பெனிக்குத் தொலைபேசினான்.

20-ஆம் தேதி குற்றத்தை ஒப்புக்கொண்டான். இரண்டு பிரிவுகளுக்கும் சேர்த்து அபராதம் 1,500 ரூபாய். மூன்றாண்டுத் தலைமறைவும் மூன்று இரவுச் சிறையும் அதோடு தீர்ந்தன. கட்டிய கையோடு மாமியின் பொறுப்பும் கழிந்தது. இந்த முறை உண்மையாகவே தீர்ந்ததா என்று வக்கீலிடம் நான் இருமுறை கேட்டேன்.

பின்னர்ச் சட்டம் சில இடங்களில் இளகியிருக்கிறது. பிணையில் விடத்தக்க குற்றத்தில் ஒரு வாரத்துக்குள் ஜாமீன் கொடுக்க இயலாதவனை ஏழையென்றே கருதிச் சொந்த முச்சலிக்கையில் விட வேண்டும் என்ற விதி 2006 முதலே இருந்தது. உள்ளூர் ஜாமீனை வற்புறுத்துவது விடுதலையைத் தாமதப்படுத்துகிறது, அந்த நிபந்தனையைத் தவிர்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 31-இல் கூறியது. 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துள்ளது. பழைய சட்டத்தில், ஆள் வீட்டில் இல்லாதபோது அழைப்பாணையைப் பெற்றுக்கொள்ளக் குடும்பத்தின் வயதுவந்த ஆண்மகனுக்கு மட்டுமே தகுதி. புதியதில் பெண்களுக்கும் உண்டு. ஆண்கள் எல்லாரும் கடல் கடந்திருக்கும் எங்கள் ஊருக்கு இது சிறிய மாற்றமன்று. இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரையும் ஆண்டையும் கொடுத்தால் வழக்கு நிலுவையில் உள்ளதா என்று எங்கிருந்தும் பார்க்கலாம். ஊரில் ஒரு காலத்தில் சிறு வழக்கொன்று இருந்தவர்கள், அடுத்த விடுமுறைக்குப் பயணச்சீட்டு வாங்குமுன் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

தோப்பு இப்போது என் பெயரில் இருக்கிறது. கரத்தை மும்பையிலிருந்தே கைப்பேசியில் கட்டுகிறேன். ரசீதை அச்செடுத்து, ஊருக்குப் போகும்போது பெட்டியில் சேர்க்கிறேன். இதுவரை இரண்டு பேர் என்னைத் தேடி முற்றத்துக்கு வந்திருக்கிறார்கள். முதலில் வந்தவர் மாமியின் உறவினர். ஜாமீன் நிற்பவர் இதற்கு முன் எத்தனை பேருக்கு நின்றிருக்கிறார் என்று இப்போது எழுதித்தர வேண்டும். ஒருவருக்கும் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அவன் தவறாமல் வந்துகொண்டிருக்கிறான். இரண்டாமவர் தம் மகனுக்காக வந்தார். அப்பாவின் கேள்வியைக் கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பெட்டியைத் திறக்கவில்லை. அப்பாவும் சிலரை இப்படித் திருப்பி அனுப்பியிருப்பாரா என்று அன்றிரவெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் நின்றதற்கு மட்டுமே பெட்டியில் தாள் இருக்கிறது.